மழையில் நின்றவனும் வடம் பிடித்தவனும்

முதல் பக்கம் முழுக்க மழை. நியூயார்க்கின் தெரு ஒன்றில் தோள் சரிந்து, கைகள் தொங்க, தனியாக நிற்கிறான் பென் கிரிம். ஆரஞ்சு நிறக் கல்லால் ஆன உடம்பில் மழை விழுந்து வழிகிறது. எதிரி என்று யாரும் கண்ணில் படவில்லை. இடிந்து விழும் கட்டடம் இல்லை, பாய்ந்து வரும் ராக்கெட் இல்லை. ‘ஃபன்டாஸ்டிக் ஃபோர்’ காமிக்ஸின் 51ஆம் இதழ் இப்படித்தான் தொடங்குகிறது. ஜூன் 1966 என்று தேதியிட்ட இதழ். விலை 12 சென்ட். கதை 20 பக்கம். எழுதியவர் ஸ்டான் லீ, வரைந்தவர் ஜாக் கர்பி, கர்பியின் பென்சில் கோடுகளுக்கு மை தீட்டியவர் ஜோ சின்னாட். கதையின் தலைப்பு ‘திஸ் மேன்... திஸ் மான்ஸ்டர்!’ சூப்பர் ஹீரோ குழுக்களைப் பற்றி வந்த தனி இதழ்களில் இதற்கு மேலாக இன்னொன்றை நான் வைக்க மாட்டேன்.

அந்தப் பக்கம் என் கைக்கு வந்தது மூர் மார்க்கெட்டில். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் செக்கச்செவேலென்று நின்ற அந்தக் கட்டடம் 1985இல் எரிந்துபோனது. இது அதற்குச் சில வருஷங்களுக்கு முந்தைய கதை. பழைய புத்தகக் கடைகளில் ஆங்கிலப் பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் அமெரிக்கக் காமிக்ஸ் கிடக்கும். அண்ணன் தன் பாடப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தான். நான் தரையில் குந்திக் கட்டுகளைக் கலைத்துக்கொண்டிருந்தேன்.

“அட்டை இல்லாத புக்குப்பா அது. எட்டணா குடுத்துட்டு எடுத்துக்க” என்றார் கடைக்காரர்.

அமெரிக்காவில் விற்காமல் தங்கிய இதழ்களின் அட்டையை மட்டும் கிழித்து அனுப்பிவிட்டுக் கடைக்காரர்கள் பணத்தைத் திரும்பப் பெறுவது அந்த நாள் வழக்கம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அட்டை போன இதழ்கள் எப்படியெப்படியோ கடல் தாண்டியிருக்கின்றன. அட்டை இல்லாததால் நான் நேராக மழைக்குள் போய் விழுந்தேன்.

அதுவரை நான் அறிந்த நாயகர்கள் தனி ஆட்கள். முத்து காமிக்ஸ் 1972இல் தன் முதல் இதழாகவே கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் நான் வேகமாக வாசிக்கப் பழகினேன். மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். அவருக்கு வீடு உண்டா, யாரோடு சாப்பிடுகிறார் என்று அந்தக் கதைகளில் யாரும் கேட்பதில்லை. ஃபன்டாஸ்டிக் ஃபோர் அப்படியில்லை. நான்கு பேர், ஒரே கூரை. ரீட் ரிச்சர்ட்ஸும் சூவும் கணவன் மனைவி. ஜானி, சூவின் தம்பி. பென், ரீட்டின் கல்லூரித் தோழன். முகமூடி இல்லை, மறைவுப் பெயர் இல்லை. மான்ஹாட்டனில் அவர்கள் குடியிருக்கும் பாக்ஸ்டர் பில்டிங் ஊருக்கே தெரியும். 1962இல் வந்த 9ஆம் இதழில் கையில் காசில்லாமல் திவாலாகி நிற்கிறார்கள். அடித்துக்கொள்கிறார்கள், முறைத்துக்கொண்டு வெளியேறுகிறார்கள், திரும்பி வருகிறார்கள். எங்கள் வீட்டில் நடப்பதெல்லாம் அங்கேயும் நடந்தது.

என் ஆங்கிலம் அப்போது வசனக் கூடுகளைத் தாங்காது. ஆகவே முதலில் படங்களை மட்டும் பார்த்தேன். பார்த்தே கதை புரிந்துவிட்டது. பிறகுதான் அண்ணன் உட்கார்ந்து படித்துக் காட்டினான். ரீட் பேசும்போது செய்தி வாசிப்பவர் குரல். பென்னுக்கு மட்டும் அசல் வியாசர்பாடிக் குரல். ரிக்‌ஷா ஸ்டாண்டில் கேட்கிற பேச்சையெல்லாம் பென் வாயில் போட்டுவிடுவான். அந்தக் குரல் இல்லாமல் இன்றுவரை என்னால் பென்னைப் படிக்க முடிந்ததில்லை.

கதைக்கு முந்தைய கதையைச் சொல்லிவிடுகிறேன். 1961 நவம்பர் தேதியிட்ட முதல் இதழில் ரீட் தான் கட்டிய ராக்கெட்டில் மற்ற மூவரையும் கூட்டிக்கொண்டு விண்வெளிக்குப் போகிறான். காஸ்மிக் கதிர்கள் ஆபத்து என்று எச்சரித்தவன் விமானி பென். அவன் பேச்சு எடுபடவில்லை. கதிர்கள் தாக்கித் திரும்பியபோது ரீட்டுக்கு ரப்பராக நீளும் உடல், சூவுக்கு மறையும் ஆற்றல், ஜானிக்கு நெருப்பு. மூவரும் நினைத்தால் பழைய மனிதர்களாகிவிடலாம். வேண்டாமென்றவன் மட்டும் கல்லாகிப்போனான், திரும்ப வழியில்லாமல். இந்தக் குற்ற உணர்வு ரீட்டை விடுவதே இல்லை. பென்னை மனிதனாக்க ஆய்வுக்கூடத்தில் மீண்டும் மீண்டும் முயல்கிறான். பென்னை நேசிக்கும் ஒரே பெண் அலீஷியா மாஸ்டர்ஸ், கண் தெரியாத சிற்பி. தான் மனிதனாகிவிட்டால் அவள் தன்னை நேசிப்பாளா என்ற பயமும் பென்னுக்கு உண்டு.

48 முதல் 50 வரையிலான மூன்று இதழ்களில் கலாக்டஸ் வருகிறான். உலகங்களைத் தின்று உயிர்வாழும் பேருருவம். அவனுக்கு முன்னால் தூதனாக வருபவன் சில்வர் சர்ஃபர். பூமி தப்பித்த பிறகு, அலீஷியா சர்ஃபரோடு பேசிக்கொண்டிருப்பதைப் பென் பார்க்கிறான். அவனுக்கு மனம் உடைகிறது, எதுவும் கேட்காமல் நடந்துவிடுகிறான். 51ஆம் இதழின் மழை அங்கிருந்து வருகிறது. அண்டத்தையே உலுக்கிய மூன்று இதழ்களுக்கு அடுத்த மாதமே, தெருவில் நனையும் ஒருவனை முழுப் பக்கத்தில் நிறுத்துவதற்குத் துணிச்சல் வேண்டும்.

மழையில் நிற்பவனை ஒருவன் வீட்டுக்குள் அழைக்கிறான். பெயரில்லாத ஒரு விஞ்ஞானி. கதை முடியும்வரை அவனுக்குப் பெயர் கிடையாது. குடிக்கக் கொடுத்து மயக்கி, தன் இயந்திரத்தால் பென்னின் கல்லுடலையும் பலத்தையும் தனக்கு மாற்றிக்கொள்கிறான். பென் மனிதனாக விழித்தெழுகிறான். விஞ்ஞானியின் நோக்கம் ரீட்டை அழிப்பது. ஏன்? பொறாமை. ரீட்டுக்குக் கிடைத்த பேரும் புகழும் தனக்குக் கிடைத்திருக்க வேண்டியவை என்று நம்புகிறான். தன் அறிவும் ரீட்டின் அறிவும் சமம், உலகம் பாரபட்சம் காட்டிவிட்டது என்பது அவன் கணக்கு.

கல்லுடலோடு பாக்ஸ்டர் பில்டிங்குக்குள் போகிறான். யாருக்கும் சந்தேகமில்லை. மனித உருவில் ஓடிவந்து உண்மையைச் சொல்லும் பென்னைத்தான் நம்ப மறுக்கிறார்கள். பென் கோபத்தோடு வெளியேறுகிறான். கடைசியில் மனிதனாகிவிட்டேன், இனி என் வாழ்க்கையைப் பார்க்கிறேன் என்று அலீஷியாவின் வீட்டுக்குக் கிளம்புகிறான்.

இங்கேதான் கர்பியும் லீயும் கதையைத் திருப்புகிறார்கள். ரீட் ஒரு சோதனையில் இருக்கிறான். கலாக்டஸ் வந்துபோன பிறகு பூமி எவ்வளவு பாதுகாப்பற்றது என்று புரிந்து, அண்டத்தைக் கடக்கும் வழியைத் தேடி வேறொரு வெளிக்குள் நுழையத் திட்டமிடுகிறான். பின்னாளில் இந்தக் காமிக்ஸை வெளியிட்ட மார்வெலின் கதைகளில் நெகட்டிவ் ஸோன் என்று பெயர் பெற்ற அந்த வெளி இந்த இதழில்தான் முதன்முதலாக வருகிறது. இங்கே அதற்குப் பெயர் சப்-ஸ்பேஸ். போனவன் திரும்ப ஒரே வழி, இடுப்பில் கட்டிய வடம். அதை இந்தப் பக்கத்தில் யாராவது பிடித்திருக்க வேண்டும், உரிய நேரத்தில் இழுக்க வேண்டும். ரீட் அந்த வடத்தை யாரிடம் கொடுக்கிறான்? உயிர்த்தோழன் பென்னிடம். அதாவது தன்னைக் கொல்ல வந்தவனிடம்.

கொலைகாரன் இனி ஒன்றுமே செய்ய வேண்டாம். இழுக்காமல் நின்றால் போதும். அந்த நிமிஷத்தில் அவன் கையில் வடத்தோடு யோசிப்பதைத்தான் இந்த இதழின் சண்டைக்காட்சி என்பேன். சொல்லிக்கொள்ளும்படியான வேறு அடிதடி இதில் இல்லை. இத்தனை காலம் தான் வெறுத்த மனிதன் பேருக்கோ பணத்துக்கோ இல்லாமல், ஊர் பிழைக்க வேண்டும் என்று உயிரைப் பணயம் வைப்பதை அவன் கண்ணால் பார்த்துவிட்டான். அதைவிடப் பெரிது இன்னொன்று. பென்னின் உடம்பைத் திருடிக்கொண்டு வந்தவனுக்குப் பென் மேல் ரீட் வைத்திருந்த நம்பிக்கையும் சேர்ந்தே வந்துவிட்டது. உடம்பைத் தாங்க அவனால் முடிந்தது. அந்த நம்பிக்கையைத் தாங்க, அதற்குத் தகுந்த ஆளாக மாறுவதைத் தவிர அவனுக்கு வழியில்லை.

ரீட்டைக் காப்பாற்ற அவனும் அந்த வெளிக்குள் போய்விடுகிறான். இருவரும் பேரழிவை நோக்கி இழுபடுகிறார்கள். தனக்காகப் பென் உயிரைக் கொடுக்க வந்துவிட்டானே என்று ரீட் உருகுகிறான். பொய்யுருவில் இருப்பவன், கல்லுடலின் பலம் முழுவதையும் திரட்டி ரீட்டை வாசலை நோக்கி எறிகிறான். ரீட் பிழைக்கிறான். இவன் திரும்புவதில்லை.

அதே நேரத்தில் அலீஷியாவின் வீட்டு வாசலில் பென். மனிதக் கையோடு கதவருகே நிற்கிறான். அங்கே அந்தப் பெயரில்லாதவன் சாகிறான். இங்கே பென்னின் கை மறுபடி கல்லாகிறது. கதவு திறப்பதற்கு முன் பென் போய்விடுகிறான். அண்ணன் இந்தப் பக்கத்தில் படிப்பதை நிறுத்திக்கொண்டான். “மீதிய நீயே பாத்துக்க” என்று புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டு வெளியே போனான். அன்று எனக்குப் பென்னைத் தவிர யாரும் கண்ணில் படவில்லை. அவனுக்காக அழுதேன்.

பிறகு அச்சுத் தொழிலுக்கு வந்தேன். பல வருஷம் ஆஃப்செட் மெஷின்களோடு வாழ்ந்தவன் என்பதால் பழைய காமிக்ஸ் பக்கத்தைப் பார்த்தால் என் கண் முதலில் புள்ளிகளுக்குப் போகும். நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றிலும் சில குறிப்பிட்ட அடர்த்திகள் மட்டும். எல்லாம் கலந்தால் 64 நிறம் தேறும். மேலே கறுப்புக் கோடு. மட்டமான நியூஸ்பிரிண்ட். கலர் சற்று விலகி விழுந்தால் பென்னின் ஆரஞ்சு தோளுக்கு வெளியே வழியும். இத்தனை குறைந்த வசதியில் ஒரு கல் மனிதனின் முகத்தில் துயரத்தைக் கொண்டுவருவது கறுப்பு மையின் வேலை. ஜோ சின்னாட்டை நான் கொண்டாடுவது அதற்காக. 1962இல் 5ஆம் இதழுக்கு மட்டும் மை தீட்டிவிட்டுப் போனவர், 44ஆம் இதழில் திரும்பி வந்தார். முதல் வருஷ இதழ்களில் பென்னின் தோல் மேடும் பள்ளமுமாக, உருவம் தெளியாத ஒரு திரளாக இருக்கும். சின்னாட்டின் தூரிகையில் ஒவ்வொரு பாளத்துக்கும் விளிம்பு உண்டு, நிழல் உண்டு. அந்த விளிம்புகளுக்கு நடுவே, புருவப் பாறைக்குக் கீழே, நீலக் கண் இரண்டும் மனிதக் கண்ணாகவே இருக்கும். அந்தக் கண்களைக் காப்பாற்றிக்கொடுத்ததில்தான் கதை நிற்கிறது. சின்னாட் 2020இல் தொண்ணூற்று மூன்று வயதில் மறைந்தார்.

சப்-ஸ்பேஸுக்குள் ரீட் நுழையும் முழுப் பக்கத்தின் பின்னணி கோட்டோவியம் கிடையாது. பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டி கர்பி செய்த கொலாஜ். அச்சில் அது மங்கலாகத்தான் விழுந்திருக்கிறது. அந்தக் காகிதத்தில் ஹாஃப்டோன் படம் எடுபடாது. தொழில் தெரிந்தவனாக அதைக் குறை சொல்லலாம். ஆனால் மற்ற எல்லாப் பக்கமும் கோட்டில் இருக்க, இந்த ஒரு பக்கம் மட்டும் வேறு பொருளால் ஆனதாக இருப்பதாலேயே ரீட் நிஜமாக வேறு எங்கோ போய்விட்டான் என்று வயிற்றில் ஒரு பயம் பிடிக்கிறது. சின்ன வயதில் அந்தப் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் வேகமாகத் திருப்புவேன்.

நான் வேலை பார்த்த அச்சகம் ஒன்றில் ஒரு பெரியவர் இருந்தார். பிளேட் போடுவதில் கெட்டிக்காரர். தனக்கு வர வேண்டிய ஃபோர்மேன் பதவியை வேறொருவர் தட்டிப் பறித்துவிட்டதாக நம்பினார். டீ குடிக்கும்போது அந்தப் பேச்சு, இரவு ஷிப்டில் அந்தப் பேச்சு. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததா என்று எனக்கு இப்போதும் தெளிவில்லை. ஓய்வு பெறும் நாள்வரை அவர் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: அவர் கையில் யாரும் வடத்தைக் கொடுக்கவில்லை. யாரோ ஒருவர் ஒரு நாள் அவரை முழுதாக நம்பியிருந்தால் அவர் என்னவாகியிருப்பார்?

பணிக்காலம் முடிந்து மகள் வீட்டுக்கு நியூஜெர்சி போயிருந்தபோதுதான் அந்த இதழை மறுபடி கையில் எடுத்தேன். மான்ஹாட்டனில் ஒரு பழைய காமிக்ஸ் கடை. பிளாஸ்டிக் உறைக்குள், மடிப்பில் கிழிந்து, ஓரம் பழுத்த பிரதி. நல்ல நிலையில் உள்ளவற்றின் விலையை என்னைப் போன்றவன் நினைத்துப் பார்க்க முடியாது. “அப்பா, நீங்களும் பெரியப்பாவும் படிச்சது இதானே?” என்று மகள்தான் கண்டுபிடித்து வாங்கிக் கொடுத்தாள். அவள் பெரியப்பா இப்போது இல்லை. சப்வேயில் உட்கார்ந்து உறையைப் பிரித்தேன். அட்டையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மறுநாள் லோயர் ஈஸ்ட் சைடுக்கு என்னைக் கூட்டிப்போகச் சொன்னேன். டெலான்சி தெரு, எசெக்ஸ் தெரு. ஜாக் கர்பி 1917இல் எசெக்ஸ் தெருவில் பிறந்தவர். இயற்பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க். ஆஸ்திரியப் பகுதியிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பம், தையல் தொழிற்சாலை வேலை பார்த்த அப்பா, இடுங்கிய வாடகைக் குடியிருப்புகள், தெருப் பையன்களின் கும்பல் சண்டை. கதைகளில் பென் வளர்ந்த இடமாக வரும் யான்சி தெரு இந்த டெலான்சியிலிருந்து வந்ததுதான். பென் கிரிம்மின் முழுப்பெயர் பெஞ்சமின் ஜேக்கப் கிரிம். பெஞ்சமின் என்பது கர்பியின் அப்பா பெயர், ஜேக்கப் என்பது கர்பியின் சொந்தப் பெயர். தன்னைத்தான் பென்னாக வரைந்ததாகக் கர்பியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1944இல் பிரான்ஸ் போர்முனையில் நின்று, குளிரில் கால் விறைத்து, நடை இழக்கும் நிலைக்குப் போய்த் திரும்பியவர் அவர். தன் உடம்பே தனக்கு அந்நியமாகிவிட்ட ஒருவனை வரைய அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆர்ச்சர்டு தெரு முனையில் டெனமென்ட் மியூசியம் இருக்கிறது. அந்தக் காலத்துக் குடியிருப்பு அறைகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். அந்த அறைகளின் அகலத்தைப் பார்த்துவிட்டு வந்தால் கர்பியின் மனிதர்கள் ஏன் சட்டத்தை உடைத்துக்கொண்டு வெளியே பாய்கிறார்கள் என்று புரியும்.

இந்த இதழ் யாருடையது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. மார்வெலில் அன்று நடந்த முறை இது: லீயும் கர்பியும் கதையைப் பேசிக்கொள்வார்கள், சில சமயம் பேசாமலும் போகும். கர்பி லாங் ஐலண்டில் தன் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து 20 பக்கத்தையும் வரைந்து, ஓரங்களில் குறிப்பெழுதி அனுப்புவார். வரைந்த பக்கங்களுக்கு லீ வசனம் எழுதுவார். முழு எழுத்துப்பிரதி என்ற ஒன்று முன்னால் இருக்காது. ஆங்கிலம் தெரியாத ஒரு பையன் மூர் மார்க்கெட்டில் படங்களை மட்டும் பார்த்தே கதையைப் புரிந்துகொள்ள முடிந்ததற்குக் காரணம் இதுதான். சொல் வருவதற்கு முன்பே கதை அங்கே முழுதாக இருந்தது. ஆகவே கதையின் பெரும்பங்கு கர்பிக்குரியது என்பதே என் முடிவு. ஆனால் லீயைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். பென்னின் பேச்சு லீ தந்தது. தெருக்காரனின் கிண்டலும் கரகரப்பும், அதற்கு அடியில் ஓடும் காயமும். என் அண்ணன் வியாசர்பாடிக் குரலைத் தேடிப் போனது லீ எழுதிய வரிகளால்தான்.

1966 ஜனவரியில் நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன் நாளிதழில் மார்வெல் பற்றி ஒரு கட்டுரை வந்தது. லீயை மேதையாகவும், கர்பியைத் தொழிற்சாலையில் பார்த்தால் உதவி ஃபோர்மேன் என்று நினைக்கத் தோன்றும் ஆளாகவும் அது காட்டியது. கர்பி புண்பட்டார். அடுத்தவன் பெற்ற புகழ் தன்னுடையது என்று எரியும் ஒருவனின் கதை அதே பருவத்தில்தான் வெளிவந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நான் சொல்லத் துணிய மாட்டேன். இருவரும் சேர்ந்து தொடர்ச்சியாக 102 இதழ்கள் செய்தார்கள்; 1970இல் கர்பி மார்வெலை விட்டுப் போனார். வரைந்த அசல் பக்கங்களைத் திரும்பப் பெறக்கூட அவர் பல வருஷம் போராட வேண்டியிருந்தது. 1994இல் இறந்தார். அவர் குடும்பத்துக்கும் மார்வெலுக்கும் இடையிலான உரிமை வழக்கு 2014இல்தான் சமரசத்தில் முடிந்தது. வடத்தின் இரு முனைகளிலும் இருந்த அந்த இருவரில் ஒருவர் கையிலிருந்து அது நழுவிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

இதழில் பலவீனமே இல்லை என்று சொல்லவில்லை. ஜானியின் கல்லூரிக் காட்சிகள், கால்பந்தாட்டப் பொறாமை எல்லாம் அடுத்த இதழ்களுக்கான இடநிரப்பு. சூவுக்கு இங்கே கவலைப்படுவதும் கண்ணீர் விடுவதும்தான் வேலை. குழுவில் ஆற்றல் மிக்கவளை இப்படி ஓரத்தில் நிறுத்திவைத்தது அந்தக் காலத்தின் குறை. அவள் பெயரே ‘இன்விசிபிள் கேர்ள்’. அது ‘உமன்’ ஆக 1985 வர வேண்டியிருந்தது. இதையெல்லாம் தெரிந்தேதான் இதழை உயர்த்திச் சொல்கிறேன்.

மகள் வீட்டில் அன்றிரவு படித்தபோது கண் பென்னிடமிருந்து அந்தப் பெயரில்லாதவனிடம் போயிற்று. வாழ்நாள் முழுக்கக் கசந்து, தனி வீட்டில் இயந்திரங்களோடு உட்கார்ந்து, ஒரே மாலையில் ஒரு குடும்பத்துக்குள் தவறான முகத்தோடு நுழைந்து, அதன் ஒருவனாகவே செத்துப்போனவன். உண்மையில் அந்த ஒரு மாலைக்கு ஃபன்டாஸ்டிக் ஃபோரின் நான்காவது ஆள் அவன்தான். கடைசிப் பக்கத்தில் பென் திரும்பி வந்து நிற்க, இறந்தவன் யார் என்றே தெரியாத ரீட் அவனைப் பற்றி மரியாதையோடு பேசுகிறான். பெயர் தெரியாததால் பெயரில்லாமலே அந்த மரியாதை செலுத்தப்படுகிறது.

கலாக்டஸ் கதை பலமுறை கொண்டாடப்பட்டுவிட்டது. 2025இல் வந்த ஃபன்டாஸ்டிக் ஃபோர் படமும் அதையே எடுத்துக்கொண்டது. அடுத்த மாதத்து மழையைத் தொட யாரும் வரவில்லை. லீ, கர்பி இதழ்கள் தொகுப்புகளாக இன்றும் அச்சில் கிடைக்கின்றன. மாயாவியைப் படித்து வளர்ந்தவர்களிடமும், வீட்டில் காமிக்ஸ் படிக்கும் பிள்ளைகளை வைத்திருப்பவர்களிடமும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். 48, 49, 50 என்று வாங்கும்போது அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். 51ஐயும் சேர்த்து வாங்குங்கள். முதல் தடவை வசனத்தைத் தொடாமல் படங்களை மட்டும் பாருங்கள். இரண்டாம் தடவை யாராவது ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.